'இயர்போனைக் கழற்று' என்னும் உபதேசம்

கொல்கத்தாவின் ரவீந்திர சரோவர் ஏரியைச் சுற்றியும் மைதானத்தின் ஓரமாகவும் விடியலில் ஓடுபவர்களுக்கு ஓர் உபதேசம் தவறாமல் கிடைக்கிறது: காதிலிருப்பதைக் கழற்றுங்கள். தூய்மைவாதிகள் இதை ஓட்டத்தின் அறம் என்கிறார்கள். மற்றவர்கள் உயிர்ப் பாதுகாப்பு என்கிறார்கள். இரண்டும் தோற்றத்துக்கு உள்ள அளவு நேர்மையான வாதங்கள் அல்ல.

தூய்மைவாதிகளுக்குத் துணை, தடகள விதி. போட்டிக் களத்துக்குள் கைப்பேசியும் இசைக்கருவியும் கூடாது என்று உலகத் தடகள அமைப்பு சொல்வது உண்மைதான். ஆனால் அது ஒரு போட்டியாளருக்கு மட்டும் கிடைக்கும் உதவியைத் தடுக்கும் விதியே தவிர, ஓட்டத்தின் இலக்கணம் அன்று. 1998இல் பர்மிங்ஹாம் உள்ளரங்கில் ஹைலே கெப்ரசலாசி 2000 மீட்டர் உலகச் சாதனை படைத்தபோது, அவருக்குப் பிடித்த 'ஸ்கேட்மேன்' பாடல் ஒலிபெருக்கியில் முழங்கியது. அமெரிக்கத் தடகள அமைப்பும் தான் விதித்த இயர்போன் தடையை 2008இல் தளர்த்தியது. பிரூனல் பல்கலைக்கழகத்தின் காரகியோர்கிஸ் முதலியோரின் ஆய்வுகளின்படி, மிதமான வேகத்தில் ஓடுகையில் இசை களைப்புணர்வைக் குறைக்கிறது. உச்ச வேகத்தில் அவ்விளைவு தேய்கிறது. ஆக, இசையால் மிகுதியும் பயன்பெறுபவர் எந்தப் பதக்கத்துக்கும் போட்டியிடாத சாதாரண மனிதர். அவர்மீது இவ்விதியைச் சுமத்துவது வெறும் அதிகாரம்.

பாதுகாப்பு வாதம் இதைவிடக் கனமானது. காதை அடைத்தால் பின்னால் வரும் வண்டியின் ஓசை குறையும், மறுப்பது மடமை. ஆயினும் 2016 ஜனவரி 13ஆம் நாளை நினைக்க வேண்டும். ஆண்டுதோறும் 25 கிலோமீட்டர் ஓட்டம் நடக்கும் அதே ரெட் ரோட்டில், குடியரசு நாள் அணிவகுப்பு ஒத்திகையின்போது, தடுப்புகளை மீறிப் பாய்ந்த சொகுசுக் கார் ஒன்று விமானப்படை வீரர் ஒருவரைக் கொன்றது. அணிவகுப்பில் இருந்தவர் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று எவரும் சொல்ல முடியாது. வண்டியை அடக்க இயலாத நகரம் நடப்பவரையும் ஓடுபவரையும் அடக்குகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட சாலைகளில் மிதிவண்டிக்குத் தடை விதித்ததும் (2013) இந்த நகரமே.

இன்னொரு முரண். 2011 ஆட்சி மாற்றத்துக்குப் பின் இந்நகரின் போக்குவரத்து சிக்னல்களில் ரவீந்திர சங்கீதம் ஒலிபரப்பாகத் தொடங்கியது. அதனால் ஓட்டுநரின் கவனம் சிதறும் என்று உபதேசிகள் பதறக் காணோம். அரசு தேர்ந்த பாட்டு பண்பாடு, ஓடுபவள் தேர்ந்த பாட்டு அலட்சியமா?

'ஓடுபவள்' என்பது வேண்டுமென்றே எழுதப்பட்ட சொல். பாட்டே ஓடாத இயர்போனை மாட்டிக்கொண்டு ஓடும் பெண்கள் எந்த நகரத்திலும் உண்டு. காதில் விழாததுபோல் கடந்துவிட அது உதவுகிறது. சாலையைக் கடக்கும்போது கழற்ற வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். கழற்றியபின் அவர்கள் காதில் விழும் பேச்சுகளுக்கு யார் பொறுப்பு என்பதை மட்டும் உபதேசிகள் இதுவரை சொன்னதில்லை.