மின்தடை மட்டும் சாட்சியல்ல

மின்சாரத்தைக் கடத்தாத ஒரு காந்தப் பொருளை அழுத்தி உலோகமாக்கிவிட்டால், அதன் காந்தத்தன்மையும் அத்தோடு போய்விட்டது என்று முடிவுகட்டுவது எங்கள் துறையில் பழகிப்போன அவசரம். இரும்பு பாஸ்பரஸ் டிரைசல்பைடு அதைக் கேள்விக்குள்ளாக்குகிறது.

வெற்றிலைக் கவுளிபோல மெல்லிய தாள்கள் அடுக்கிய படிகம் இது. தாளுக்குள் வலுவான வேதிப்பிணைப்பு. தாள்களுக்கிடையே வலுக்குறைந்த வான் டெர் வால்ஸ் ஈர்ப்பு. சுமார் 120 கெல்வினுக்குக் கீழே குளிர்வித்தால், இரும்பு அணுக்களின் காந்தங்கள் எதிரெதிராக ஒழுங்காகி ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும்.

இரண்டு வைர முனைகளுக்கிடையே இதை வைத்து இறுக்குகிறோம். பக்கத்தில் ஒரு மாணிக்கத் துகள். லேசர் பட்டதும் அது உமிழும் சிவப்பொளியின் அலைநீளம் நகர்வதைக் கொண்டு அழுத்தத்தைக் கணக்கிடுகிறோம். 4 ஜிகாபாஸ்கல் அளவில் தாள்கள் சறுக்கி இடம் மாறுகின்றன. சுமார் 14 ஜிகாபாஸ்கலில், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல் 1.4 லட்சம் மடங்கில், தாள்களின் இடைவெளி சுருங்கி, படிகம் உலோகமாகிறது. வேற்று அணு எதையும் கலக்காமலேயே இவ்வளவும் நடக்கிறது; அழுத்தத்தின் சிறப்பே அதுதான்.

அப்படியானால் காந்தம்? இரும்பு அணுவின் காந்தம் மறைகிறது என்றது 2018-இல் வெளியான எக்ஸ் கதிர் ஆய்வு. பிரான்சின் கிரனோபிளில் நியூட்ரான் கற்றையைச் செலுத்திப் பார்த்து 2021-இல் வெளியான ஆய்வோ, உலோக நிலையிலும் குறுகிய தூரத்துக்குக் காந்த ஒழுங்கு நீடிப்பதைக் காட்டியது. குறைந்த அழுத்தத்திலேயே தாள்களுக்கிடையிலான காந்த ஒழுங்கு மாறிவிடுவதையும் அதுவே கண்டது. மின்தடை வரைபடத்தை மட்டும் வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது.

இது வெறும் கல்விசார் சர்ச்சை அல்ல. கந்தகத்துக்குப் பதில் செலினியம் உள்ள இதன் உறவுப் பொருள், 9 ஜிகாபாஸ்கல் அழுத்தத்தில் சுமார் 2.5 கெல்வினில் மீக்கடத்தியாகிறது. காந்தம் அழிந்த பிறகு மீக்கடத்தல் பிறக்கிறதா, இரண்டும் கூடியிருக்கின்றனவா என்பதைப் பொறுத்துக் கோட்பாடே மாறும்.

நியூட்ரான் சோதனைக்குக் கூடுதல் மாதிரியும் பெரிய அழுத்தக் கருவியும் வேண்டும், செலவும் அதிகம். மும்பை துருவா உலையில் நியூட்ரான் கற்றை இருக்கிறது. நம் பல்கலைக்கழகங்களின் உயர் அழுத்த ஆய்வுக்கூடங்கள் அதனுடன் கைகோக்க, அறிவியல் நிதி அமைப்புகள் வழிசெய்ய வேண்டும். மின்தடையையும் காந்தத்தையும் ஒரே படிகத்தில், ஒரே அழுத்தத்தில் அளக்காத முடிவை இறுதி முடிவாக ஏற்கக் கூடாது.

- கட்டுரையாளர், உயர் அழுத்த இயற்பியல் ஆய்வாளர்