அம்மாவின் போனுக்குள் அடங்காத அரசாங்கம்

உங்கள் வீட்டில் கவுன்சில் படிவம் நிரப்புவது யார்? பெரும்பாலும் நீங்கள்தான், இல்லையா? பன்னிரண்டு பதின்மூன்று வயதிலேயே "இதை ஒருக்கா பார் பிள்ளை" என்று போனைக் கையில் தந்திருப்பார்கள். அம்மாவுக்கு இங்கிலீஷ் போதாது என்று நாங்களே அதற்குக் காரணமும் சொல்லிக்கொள்கிறோம். அது பாதி உண்மை. மீதிப் பாதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்தப் படிவம் அம்மாவின் போனில் ஒழுங்காகத் திறப்பதே இல்லை.

எழுத்து எறும்பு மாதிரி இருக்கும். பெருப்பித்தால் பாதி வரி திரைக்கு வெளியே ஓடிவிடும். அடுத்த பக்கத்துக்குப் போகும் பட்டன் எங்கோ வலது ஓரத்தில் ஒளிந்திருக்கும். இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்தவர்களே அங்கே தடுமாறுவார்கள்.

ஒரு அரசாங்க இணையத்தளம் சின்னத் திரைக்குப் பொருந்தாவிட்டால், அது கவுண்டரை இழுத்து மூடியதற்குச் சமம். மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்கிறீர்களா? பிரிட்டனில் இப்போது என்னவெல்லாம் இணையத்துக்குள் போய்விட்டது என்று எண்ணிப் பாருங்கள். யூனிவர்சல் கிரெடிட், கவுன்சில் டாக்ஸ், தம்பியின் பள்ளிக்கூட இடம். இங்கிலாந்தில் செக்கண்டரி பள்ளிக்கு ஒக்டோபர் 31க்குள் விண்ணப்பிக்க வேண்டும். படிவம் போனில் திறக்கவில்லை என்பதற்காக அந்தத் தேதி தள்ளிப் போகாது. விசாவும் அப்படித்தான். 2024 முடிவோடு பழைய பிளாஸ்டிக் வதிவிட அட்டைகளின் காலம் முடிந்தது. ஈவிசா உள்ளவர் புதிய வேலைக்குப் போனாலும், இங்கிலாந்தில் வீடு வாடகைக்கு எடுத்தாலும், இணையத்துக்குள் போய் ஒரு ஷெயார் கோட் எடுத்துக் கொடுக்க வேண்டும். போனைத் தவிர வேறு கருவி இல்லாத ஒருவருக்கு, அந்தச் சின்னத் திரைதான் அரசாங்கத்தின் ஒரே வாசல்.

இதைச் சரிசெய்யத் தெரியாது என்று எந்த அலுவலகமும் சொல்ல முடியாது. ஒரே பக்கம் போனுக்கும் டப்லெட்டுக்கும் கணினிக்கும் ஏற்றபடி தானே ஒழுங்காகும் முறைக்கு 'ரெஸ்பொன்சிவ்' என்ற பெயரை ஈதன் மார்கொட் 2010இலேயே வைத்துவிட்டார். 2012இல் தொடங்கிய கவ்.யூகே தளம் இதைச் செய்து காட்டியது. அதன் பல படிவங்களில் ஒரு பக்கத்துக்கு ஒரு கேள்விதான். பெரிய எழுத்து, ஒரு பச்சைப் பட்டன், அவ்வளவுதான். அதைக் கட்டிய கோடில் பெரும்பகுதி இலவசமாகத் திறந்து கிடக்கிறது. அப்படியிருக்க, காசில்லை என்று ஒரு கவுன்சில் சொன்னால் அதை எப்படி நம்புவது?

சட்டமும் இருக்கிறது. 2018ஆம் ஆண்டு விதிகளின்படி பொதுத்துறை இணையத்தளங்கள் எல்லோரும் பயன்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும். அதற்கான அளவுகோலில் ஒரு விதி உண்டு: 320 பிக்சல் அகலத்திலும் பக்கவாட்டில் இழுக்காமல் வாசிக்க முடிய வேண்டும். வரைபடம், பெரிய அட்டவணை போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. இந்த விதி சின்னத் திரைக்கு மட்டுமல்ல, கண் மங்கி எழுத்தைப் பெருப்பித்து வாசிக்கும் அம்மம்மாவுக்கும் சேர்த்துத்தான்.

"ஆப் ஒன்று செய்தால் போதுமே" என்பார்கள். ஆப் கூடுதல் வசதியாக இருக்கட்டும். ஆனால் பழைய போனில் அது இறங்காது, இறங்கினாலும் இடம் போதாது. இணையப் பக்கத்துக்கு ஒரு லிங்க் போதும். "நூலகத்துக்குப் போய்க் கணினியில் செய்யலாமே" என்றும் சொல்வார்கள். இரண்டு வேலை செய்துவிட்டு இரவு பத்து மணிக்கு வீட்டுக்கு வரும் அப்பாவுக்கு எந்த நூலகம் திறந்திருக்கும்?

எனக்குக் கோபம் வருவது இன்னொரு விசயத்தில். படிவம் திறக்காதபோது எங்கள் பெற்றோர் தளத்தைக் குறை சொல்வதில்லை. "எனக்கு விளங்குதில்லை" என்று தங்களைத்தான் குறை சொல்கிறார்கள். யுத்தத்துக்குள்ளால் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்த மனிதர்கள், ஒரு மோசமான பட்டனுக்கு முன்னால் தங்களை முட்டாள்கள் என்று நினைக்கிறார்கள். நாங்களும் "தாங்கோ, நான் செய்யிறன்" என்று போனைப் பறித்து ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறோம். அன்றைய வேலை முடிந்துவிடும். ஆனால் அப்பாவின் சம்பளமும் அம்மாவின் மருத்துவ விபரமும் பிள்ளைக்குத் தெரிய வந்துவிடும். தளமோ அப்படியே இருக்கும். நாங்கள் இலவசமாக வேலை செய்யும் வரைக்கும் அவர்கள் ஏன் திருத்தப் போகிறார்கள்?

ஆகவே, அடுத்த முறை நிரப்பிக் கொடுங்கள். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். தளத்தின் அடியில் அணுகல் பற்றிய அறிக்கை ஒன்று இருக்க வேண்டும். அதில் தொடர்பு முகவரியும் இருக்க வேண்டும். எந்தப் பக்கம், எந்தப் போன், எது வேலை செய்யவில்லை என்று நாலு வரி எழுதி, ஒரு ஸ்க்ரீன்ஷொட்டையும் சேர்த்து அனுப்புங்கள். ஒழுங்கான பதில் வராவிட்டால் ஈக்குவாலிட்டி அட்வைசரி அண்ட் சப்போர்ட் சேர்விஸ் இருக்கிறது. அங்கே முறையிடலாம்.

அம்மாவையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு எழுதுங்கள். பிழை யாருடையது என்று முதலில் தெரிய வேண்டியது அவருக்குத்தான்.