வேக்கம் போடுவது வீண் செலவா?

“வேக்கம் பம்ப் எல்லாம் பில்லை ஏற்றும் வித்தை, கொஞ்சம் கேஸை வெளியே விட்டால் குழாய்க் காற்றும் கூடவே போய்விடும்.” நல்லம்பள்ளியில் ஸ்பிளிட் ஏசி மாட்டும் வீடுகளில் இந்த வாதம் எடுபடுகிறது. சாட்சிக்கு அழைப்பது பழைய அனுபவத்தை. அது ஆர்22 காலத்து அனுபவம். அந்த கேஸ் எளிதில் தீப்பிடிக்காது என்பதால் தப்பினோம், முறை சரி என்பதால் அல்ல. இன்றைய ஏசிகளில் பரவலாக இருக்கும் ஆர்32 மெதுவாக எரியும்; ஆனால் எரியும். கோத்ரெஜ் 2012இல் கொண்டுவந்த ஆர்290, சமையல் எரிவாயுவில் கலந்திருக்கும் அதே புரொப்பேன். அதையும் வீட்டுக்குள் “கொஞ்சம்” திறந்துவிடலாமா?

தவிர, அப்படிச் செய்தால் குழாயில் உள்ள ஈரம் போகாது. வேக்கம் பம்ப்பால் அழுத்தம் 500 மைக்ரான் அளவுக்கு இறங்கினால்தான் அது முழுமையாக ஆவியாகி வெளியேறும். தங்கினால் கம்ப்ரஸர் எண்ணெயைக் கெடுத்து அமிலமாக்கும். காற்று அதைவிடக் கொடியது. பின்னாளில் வீடு மாறும்போது கேஸை அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுத்து அடைப்பார்கள். அப்போது குழாயில் காற்று இருந்தால், அது எண்ணெய் ஆவியோடு நெருக்கப்பட்டு டீசல் எஞ்சினில் போலப் பற்றி, கம்ப்ரஸரே வெடிக்கக்கூடும்.

குழாயில் அழுத்தம் ஏற்றி லீக் பார்க்க, நைட்ரஜன் இல்லையென்றால் வெல்டிங் கடை ஆக்சிஜன் போதும் என்பதை மன்னிக்கவே முடியாது. அழுத்தமான ஆக்சிஜன் எண்ணெயைத் தொட்டால் பொறியே இல்லாமல் தீப்பிடிக்கலாம்.

ஏசிக்கான எர்த்திலும் இப்படி அலட்சியம் கூடாது. நம் வறண்ட பாறை நிலத்தில் கம்பியை அடித்துவிட்டால் மட்டும் போதாது, அளந்து பார்க்க வேண்டும். வேக்கம் பம்ப்பும் அழுத்தம் பார்க்கும் கேஜும் இல்லாமல் வருபவரைத் திருப்பி அனுப்புங்கள். தர்மபுரியிலிருந்து ஆள் வர இரண்டு நாள் ஆனாலும் ஆகட்டும்.