புதுக்கோட்டை இடத்தை விடச் சொல்பவருக்கு ஒரு மறுப்பு

திருச்சி கே.கே. நகரில் பெற்றோரைக் கூட்டிவைத்து ஒரு கல்வி ஆலோசகர் பேசியிருக்கிறார். புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் பி.டி.எஸ். இடம் கிடைத்தாலும் எடுக்காதீர்கள், கடன் வாங்கியாவது சென்னைப் பக்கம் பெயரெடுத்த நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் பிள்ளையைச் சேர்த்துவிடுங்கள் என்பது அவருடைய அறிவுரை. எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று அதைக் கேட்டுவிட்டு வந்து வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறது. மகள் ராத்திரி பகலாகப் படித்து நீட் எழுதி அரசு இடம் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். அந்த உழைப்பைத்தான் இந்த மனிதர் ஒரே பேச்சில் காலில் போட்டு மிதித்திருக்கிறார்.

தனியார் கல்லூரிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர்களுக்குத் தரகு உண்டு என்பது ஊரறிந்த விஷயம். இவர் வாங்குகிறாரா இல்லையா என்பதற்குள் நான் போகவில்லை. இலவசமாகவே சொல்லியிருந்தாலும் அவர் சொன்னது தவறுதான்.

முதலில் அவர் வைப்பது வயது வாதம். புதுக்கோட்டைக் கல்லூரி 2023-இல்தான் தொடங்கியது, மொத்தம் ஐம்பது இடம், இன்னும் ஒரு அணிகூடப் படிப்பை முடித்து வெளியே வரவில்லை, உங்கள் பிள்ளையை வைத்தா சோதனை செய்து பார்ப்பார்கள் என்று கேட்கிறார். ஆண்டும் எண்ணிக்கையும் சரி. அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவுக்கு மட்டும் எந்த ஆதாரமும் இல்லை. புதுக்கோட்டையில் படிக்கும் பிள்ளை எழுதப்போவது தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தேர்வு. 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கிய சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியின் பிள்ளைகளும் அதே பல்கலைக்கழகத்தின் தேர்வைத்தான் எழுதுகிறார்கள். கேள்வித்தாள் ஒன்று, பட்டம் ஒன்று. செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து தேர்வாளர் வருகிறார். நிகர்நிலைப் பல்கலைக்கழகமோ தானே பாடம் நடத்தி, தானே கேள்வித்தாள் எடுத்து, தானே பட்டமும் தருகிறது. சோதனை என்ற சொல்லை எங்கே பயன்படுத்த வேண்டும் என்று ஆலோசகர் யோசித்திருக்க வேண்டும்.

அடுத்தது தரவரிசை. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். பட்டியலைத் திரையில் காட்டி, இதில் புதுக்கோட்டை எங்கே என்று கேட்டிருக்கிறார். மாணவர்கள் பட்டம் பெற்று வெளியேறிய கல்லூரிகள் தாங்களே தகவல் கொடுத்துச் சேரும் பட்டியல் அது. புதிய கல்லூரி அதில் இல்லை என்பதைக் குறையாகச் சொல்வது பெற்றோரின் அறியாமையைப் பயன்படுத்திக்கொள்வது. சரி, அந்தப் பட்டியல் எதை அளக்கிறது? அதில் ஆய்வுக் கட்டுரைகளுக்குப் பெரிய எடை உண்டு. கல்லூரியைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதற்கும் மதிப்பெண் உண்டு. ஒரு இறுதியாண்டு மாணவி எத்தனை பல் பிடுங்கினாள், எத்தனை பல்செட் செய்தாள் என்பதற்கு அதில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

கட்டுரை எண்ணிக்கை எப்படி ஏறுகிறது என்பதையும் சேர்த்தே அவர் சொல்லியிருக்க வேண்டும். 2023 ஜூன் மாதம் அமெரிக்காவின் ‘சயின்ஸ்’ இதழும் ‘ரிட்ராக்‌ஷன் வாட்ச்’ அமைப்பும் சேர்ந்து, பல் மருத்துவத் தரவரிசையில் முதலிடம் பிடித்த சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரியைப் பற்றி ஒரு புலனாய்வு வெளியிட்டன. இளநிலை மாணவர்களைத் தேர்வுபோல உட்காரவைத்துச் சில மணி நேரத்தில் கட்டுரை எழுதவைத்தார்கள், பிறகு தங்கள் கல்லூரிக் கட்டுரைகளையே திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டி எண்ணிக்கையை ஏற்றினார்கள் என்பது குற்றச்சாட்டு. நிர்வாகம் அதை மறுத்தது. ஆலோசகர் பரிந்துரைத்த கல்லூரி அதுதான் என்று நான் சொல்ல வரவில்லை. தரவரிசையைக் காட்டி ஒரு குடும்பத்தைக் கடனில் இறக்குபவர், அதன் மேல் எழுந்திருக்கும் இவ்வளவு பெரிய கேள்வியை மறைத்தது நேர்மையில்லை என்கிறேன்.

இனி, எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடம். அரசுக் கல்லூரிக்கு ஏழரை சதவீத இடஒதுக்கீட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள், தரம் குறைந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார். அந்த இடஒதுக்கீடு 2020-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. தனியார் இணைப்புக் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் அது பொருந்தும். அப்படி வரும் பிள்ளையும் நீட் எழுதித் தகுதி பெற்றுத்தான் வருகிறது. மதிப்பெண்தான் தரம் என்றால் அந்தக் கணக்கையும் பார்த்துவிடுவோம். கலந்தாய்வில் அரசுக் கல்லூரி பி.டி.எஸ். இடங்கள்தான் முதலில் தீர்கின்றன. தனியாரில் அதிகக் கட்டணம் கட்டும் இடங்கள்தான் கடைசிவரை ஆளில்லாமல் கிடக்கின்றன. 2020–21 கல்வியாண்டில் நாடு முழுவதும் சுமார் 7,000 பி.டி.எஸ். இடங்கள் காலியாகக் கிடந்து, வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. அவற்றில் அரசுக் கல்லூரி இடங்கள் வெறும் 265. இடங்களை நிரப்புவதற்காகத் தகுதி மதிப்பெண்ணையே பத்துப் பெர்சன்டைல் குறைக்க 2021 பிப்ரவரியில் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. தனியார் கல்லூரிகள் கட்டணத்தைக் குறைப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஆகத் தரம் குறைந்தது எந்தப் பக்கம்? கீரனூரிலிருந்தோ கந்தர்வகோட்டையிலிருந்தோ அரசுப் பள்ளியில் படித்து வரும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தால் உங்கள் மகளுக்குத் தரம் குறையும் என்று பெற்றோர் முன்னால் நின்று சொல்வதற்கு ஒரு மனசு வேண்டும். அப்படிப்பட்டவரிடம் பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றி யோசனை கேட்பதே தவறு.

அதிகக் கட்டணம் என்றால் நல்ல படிப்பு என்ற அவருடைய நம்பிக்கைக்குச் சிதம்பரமே பதில். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி 1980-இல் தொடங்கியது. அங்கே பி.டி.எஸ். கட்டணம் ஆண்டுக்குச் சுமார் மூன்றரை லட்சமாக இருந்தது. 2020 டிசம்பரில் மாணவர்கள் கட்டணத்தைக் குறைக்கக் கேட்டுப் போராட்டத்தில் இறங்கி, வாரக்கணக்கில் பின்வாங்காமல் நின்றார்கள். 2021 தொடக்கத்தில் அரசு அந்தக் கல்லூரியைச் சுகாதாரத் துறையின் கீழ் கொண்டுவந்து, கட்டணத்தை மற்ற அரசுக் கல்லூரிகளுக்கு இணையாக 11,610 ரூபாய் ஆக்கியது. அதே கட்டடம், அதே நாற்காலி, அதே ஆசிரியர்கள். கட்டணம் முப்பதில் ஒரு பங்கானது. கற்றுக்கொடுப்பதும் முப்பதில் ஒரு பங்காகிவிட்டதா?

பல் மருத்துவம் கையால் கற்கும் படிப்பு. முதலாண்டில் மெழுகுக் கட்டையில் பல் செதுக்குகிறார்கள். இரண்டாமாண்டில் பொம்மைத் தலையில் குழி அடைத்துப் பழகுகிறார்கள். மூன்றாமாண்டிலிருந்து உயிருள்ள மனிதரின் வாய். இறுதியாண்டில் ஒவ்வொரு துறையும் ஒரு கோட்டா வைத்திருக்கிறது. இத்தனை எக்ஸ்ட்ராக்‌ஷன், இத்தனை ஃபில்லிங், இத்தனை பல்செட் என்று முடித்து நோட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். முழுப் பல்செட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அளவு எடுக்க வேண்டும், பிறகு இறுதி அளவு, பிறகு மேல் தாடைக்கும் கீழ்த் தாடைக்கும் உள்ள பொருத்தம், மெழுகில் பல்லை வைத்துப் போட்டுப் பார்ப்பது, கடைசியாகச் செட்டைக் கொடுப்பது. ஒரே பாட்டி ஐந்து தடவை வர வேண்டும். மூன்றாவது தடவையோடு அவர் வராமல் போனால், அந்த மாணவியின் வேலை பாதியில் நிற்கும்.

இந்த இடத்தில்தான் பல தனியார் கல்லூரிகளின் உண்மை நிலை தெரியும். நெடுஞ்சாலை ஓரத்தில் ஊரை விட்டுத் தள்ளிக் கட்டிய கல்லூரிக்கு நோயாளி தானாக வருவதில்லை. முகாம் போட்டு, கல்லூரிப் பேருந்தை அனுப்பி அழைத்துவருகிறார்கள். கோட்டா முடியாத பிள்ளைகள் தங்கள் கைக்காசிலிருந்து பஸ் செலவும் சாப்பாட்டுச் செலவும் கொடுத்து ‘கேஸ்’ பிடிக்கிறார்கள். லட்சம் லட்சமாகக் கட்டணம் கட்டிவிட்டு நோயாளிக்கும் காசு கொடுக்கும் இந்தக் கொடுமை, பி.டி.எஸ். படித்தவர்கள் யாரைக் கேட்டாலும் தெரியும். சென்னைப் பக்கம் சில தனியார் கல்லூரிகளில் நிஜமாகவே கூட்டம் வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் அங்கே எம்.டி.எஸ். படிக்கும் முதுநிலை மாணவர்கள் நிறைய இருப்பார்கள். சிக்கலான கேஸ் எல்லாம் அவர்கள் நாற்காலிக்குப் போய்விடும்; இளநிலை மாணவி பக்கத்தில் நின்று சக்‌ஷன் பிடிக்க வேண்டியதுதான்.

புதுக்கோட்டைக் கல்லூரி அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே இருக்கிறது. சுற்றிலும் ஆலங்குடி, அறந்தாங்கி, கறம்பக்குடிப் பக்கத்து விவசாயக் கிராமங்கள். தனியார் கிளினிக்குக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க முடியாதவர்கள் வருமிடம் அது. வெற்றிலை பாக்கும் புகையிலையும் போட்டுப் போட்டு வாய் இறுகிப்போய் இரண்டு விரல்கூட நுழையாத நிலையில் வருபவரை, பாடப்புத்தகப் படத்தில் பார்ப்பது வேறு, எதிரே உட்காரவைத்துப் பரிசோதிப்பது வேறு. வாய்ப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கும் கண் அப்படித்தான் பழகும். தமிழ்நாட்டிலேயே அதிகமாக ஜல்லிக்கட்டு நடக்கும் மாவட்டமும் இதுதான். ஆண்டுதோறும் முதல் போட்டி தச்சங்குறிச்சியில் நடக்கிறது. மாடு முட்டி முகத்தில் அடிபட்டாலும், நெடுஞ்சாலையில் பைக்கிலிருந்து விழுந்து தாடை உடைந்தாலும் கொண்டுவருவது அரசு மருத்துவமனைக்குத்தான். முகத் தாடை அறுவை சிகிச்சை படிக்கும் பிள்ளைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆலோசகர் சொன்னதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அரசுக் கல்லூரியில் ஒரு பொருள் தீர்ந்தால் அடுத்தது வரக் கோப்பு நகர வேண்டும். ஆசிரியர்களுக்கு இடமாற்றம் வரும், காலியிடம் இருக்கும். இவை நிஜமான குறைகள்; அரசு சரிசெய்ய வேண்டும், நாம் கேட்க வேண்டும். ஆனால் அதற்கு மாற்றாக அவர் காட்டும் இம்ப்ளான்ட்டும் லேசரும் முப்பரிமாண ஸ்கேனும் இளநிலை மாணவியின் கைக்கு வருவதே அபூர்வம். விளம்பரப் புத்தகத்தில் பளபளக்கும் கருவியைக் காட்டிக் காசு வாங்கலாம், கையைப் பழக்க முடியாது.

கடைசியில் பணம். படித்து முடித்ததும் இரண்டே வருடத்தில் எடுத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். ஆண்டுக்கு ஆறு லட்சம் என்று வைத்தால் நான்கு வருடத்துக்கு 24 லட்சம். விடுதியைச் சேர்க்கவில்லை, படிக்கும் காலத்து வட்டியைச் சேர்க்கவில்லை. பத்து சதவீத வட்டியில் பத்து வருடம் கட்டினால் மாதத் தவணை 31,000 ரூபாய்க்கு மேல். புதிதாக பி.டி.எஸ். முடித்து இன்னொருவர் கிளினிக்கில் உதவி மருத்துவராகச் சேரும் பிள்ளைக்கு 15,000, 20,000 கிடைத்தாலே பெரிது. சொந்தக் கிளினிக் என்றால் நாற்காலி, எக்ஸ்ரே, முன்பணம் என்று இன்னொரு கடன். இந்தக் கணக்கைப் பெற்றோர் முன்னால் போட்டுக்காட்டாமல் இரண்டு வருடம் என்று வாய் கூசாமல் சொல்வதற்குப் பெயர் வழிகாட்டல் அல்ல, ஏமாற்று. புதுக்கோட்டையில் நான்கு வருடக் கல்விக் கட்டணம் மொத்தமும் சேர்த்தாலே அதில் ஒரு சிறு பங்குதான் வரும்.

பெயரெடுத்த கல்லூரி என்றால் பெண்ணுக்கு நல்ல வரன் அமையும் என்றும் சொன்னாராம். நீட்டில் ஜெயித்த ஒரு பெண்ணின் படிப்பைப் பற்றி யோசிக்கும்போது அந்தப் பேச்சுக்கு இடமே இல்லை, பதிலும் தேவையில்லை.

கே.கே. நகரிலிருந்து விமான நிலையம் வழியாகப் போகும் சாலை நேரே புதுக்கோட்டைக்குத்தான் போகிறது, ஐம்பது கிலோமீட்டருக்குள். பெற்றோர்களே, கலந்தாய்வுக்கு முன்னால் ஒரு வேலை நாளில் காலையிலேயே அங்கே போய்ப் புறநோயாளிப் பிரிவில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இன்னொரு நாள் ஆலோசகர் சொல்லும் கல்லூரிக்கும், முன்கூட்டிச் சொல்லாமல், போய்ப் பாருங்கள். மூத்த மாணவர் யாரையாவது தனியாகக் கூப்பிட்டு, கோட்டாவுக்கு நோயாளி தானாக வருகிறாரா, நீ காசு கொடுத்து அழைத்துவருகிறாயா என்று கேளுங்கள். அதன் பிறகும் கடன் வாங்கத் தோன்றினால் வாங்குங்கள். புதுக்கோட்டை இடம் கிடைத்தும் அதை விடச் சொல்பவர் யாராக இருந்தாலும், அவர் உங்கள் பிள்ளைக்கு வேண்டியவர் அல்ல.