மரத்துப் போகும் விரலுக்கு ரத்தம்தான் காரணமா?



நம்ம குமரி மாவட்டத்தில் கைவிரல் மரத்துப் போகுதுன்னு யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான்: "ரத்த ஓட்டம் இல்ல மக்ளே, தைலம் போட்டுத் தடவு." அண்டியாபீஸில் கொட்டை உடைக்கும் பெண்கள், ரப்பர் பால் வெட்டுகிறவர்கள், பாறையில் துளை போடுகிறவர்கள் எல்லோருக்கும் இதே வைத்தியம். எங்க அம்மையின் அண்டியாபீஸ் கூலியும் பல வருஷம் தைலத்துக்கும் டானிக்குக்கும் போயிருக்கு. எங்க வீட்டில் முதன்முதலா படிக்க வந்தவன் நான். அதனால் இதைத் தேடிப் படிக்கிற வேலையும் என் தலையில்தான் விழுந்தது.

மணிக்கட்டில் எட்டு சின்ன எலும்புகள். அதன் மேல் குறுக்கே ஒரு தடித்த நார்ப்பட்டை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சுரங்கம். விரலை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள்ளேதான் போகணும். எலக்ட்ரிகல் நண்பர்களுக்குச் சொன்னால் புரியும், ஒரே கான்ட்யூட்டில் அளவுக்கு மேல் கேபிள் இழுத்த கதை! நாள் முழுக்க இறுக்கிப் பிடித்தே வேலை செய்தால் உள்ளே வீங்கும், நரம்பு நசுங்கும். ஆனால் கைக்கு ரத்தம் கொண்டு போகும் இரண்டு பெரிய குழாய்களும் இந்தச் சுரங்கம் வழியாகப் போவதே இல்லை.

அடையாளம் எளிது. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி மரத்துப் போகும். சுண்டுவிரல் தப்பித்துக்கொள்ளும். பாதி ராத்திரியில் எழுப்பிவிடும். கையை உதறினால் கொஞ்சம் சரியாகும். உதறியதும் ரத்தம் ஓடிவிட்டதுன்னு நாமளே தீர்ப்பும் எழுதிவிடுகிறோம்!

அப்படின்னா ரத்தத்துக்குச் சம்பந்தமே இல்லையா? இருக்கு. விரலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி விரிக்கும் நுண்ணிய இழைகளும் அதே நரம்பில்தான் வருகின்றன. சொலினாய்டு வால்வுக்குப் போகும் வயர் மாதிரி. வயர் நசுங்கினால் வால்வும் தகராறு பண்ணலாம். அதனால்தான் சிலருக்கு விரல் சில்லிடும், நிறம் மாறும். குளிரில் விரல் வெளுத்து, நீலமாகி, சிவக்கும் நோயை 1862-இல் பிரான்ஸ் டாக்டர் மோரிஸ் ரேனோ விவரித்தார். மணிக்கட்டு நரம்பு நசுங்கியவர்களிடம் அது கூடுதலாகக் காணப்படுவதை மருத்துவர்கள் கவனித்திருக்கிறார்கள். எது எதற்குக் காரணம் என்பது இன்னும் முடிவாகவில்லை. தைராய்டு குறைவு இரண்டையும் கொண்டுவரும். அதிரும் கருவியும் கொண்டுவரும்.

அந்த அதிரும் கருவிதான் நம்ம பிரச்சினை. 1918-இல் அமெரிக்காவின் பெட்ஃபோர்டில் காற்றுச் சுத்தியலால் சுண்ணாம்புக்கல் வெட்டியவர்களின் விரல்கள் குளிரில் வெளுத்ததை டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் நேரில் பார்த்து எழுதினார். நம்ம ஊர் வெயிலில் விரல் அப்படி வெளுக்காது. மலேசியா, வியட்நாம் போன்ற வெப்ப நாடுகளில் நடந்த ஆய்வுகளிலும் வெளுப்பு அபூர்வம், மரமரப்புதான் அதிகம். வெளுக்கவில்லை என்பதாலேயே "உனக்கு ஒண்ணுமில்ல, போய் வேலையைப் பாரு" என்று மேஸ்திரி சொன்னால் நாம் என்ன காட்டுவது?

டிப்ளமோ முடிந்ததும் நம்மில் எத்தனை பேர் கோயம்புத்தூர் ஃபவுண்டரியில் கிரைண்டர் பிடிக்கப் போகிறோம், கல்ஃபில் பிரேக்கர் பிடிக்கப் போகிறோம்! வொர்க்ஷாப்பில் ஷூ போடு, கண்ணாடி போடு என்கிறார்கள், நல்லது. மணிக்கட்டைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா? சர்வதேச தொழிலாளர் நிறுவனம் 2010-இல் வெளியிட்ட தொழில்நோய்ப் பட்டியலில் இது இருக்கிறது. நம்ம பாட நோட்டில் இல்லை.

அம்மைக்குக் கடைசியில் ஒரு டாக்டர் தைராய்டும் சர்க்கரையும் பார்த்துவிட்டு, மணிக்கட்டு மடங்காமல் ராத்திரி கட்ட ஸ்ப்ளின்ட் எழுதினார். பலருக்கு ஆரம்பத்தில் இதுவே போதும். கேட்காவிட்டால் ஊசி, அதற்கும் மேல் அந்தப் பட்டையை வெட்டிவிடும் சின்ன ஆபரேஷன். வருஷக்கணக்கில் தைலமே தேய்த்துக்கொண்டிருந்தால் பெருவிரல் அடிச் சதை வற்றிப்போகும், பிறகு ஆபரேஷன் செய்தாலும் முழுசாகத் திரும்புவது கஷ்டம். ஒரு விரல் மட்டும் வெளுத்தாலோ, நுனியில் ஆறாத புண் வந்தாலோ அது நிஜமாகவே ரத்த விஷயம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

முதலாம் ஆண்டு வொர்க்ஷாப் வகுப்பில் இதற்கு ஒரு பீரியட் வேண்டும், கிரைண்டர் வேலையில் இடையிடையே ஓய்வு வேண்டும் என்று நம் பேரவை முதல்வரிடம் எழுதிக் கொடுக்கணும். மனுவை நான் எழுதித் தருகிறேன், கையெழுத்துப் போட வாருங்கள்.