எந்த இரவின் தோடி?

எழுதி முடித்த உருப்படியை அப்படியே ஒப்பிக்காமல், மேடையிலோ வீதியிலோ நின்ற நிலையில் விரித்துக்கொண்டு போகும் இசைக்கு, அதற்கென்றே ஒருவகைக் கேட்போர் அமைகின்றனர். பாட்டு நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு அவர்கள் எழுந்து போவதில்லை. இதே வித்துவான் சென்ற ஆண்டு இதே ராகத்தை எடுத்தபோது மேல்ஸ்தாயியில் எங்கே நின்றார், இன்று அந்த இடத்தை ஏன் தவிர்த்தார், தவில்காரரின் கோர்வை தானாக வந்து எடுப்பில் விழுந்ததா அல்லது இழுத்துச் சேர்க்கப்பட்டதா என்று விடியும்வரை வழக்காடுபவர்கள் அவர்கள். கருநாடக இசையில் இவ்வாறு அந்தக் கணத்தில் பிறக்கும் பகுதி மனோதர்மம் எனப்படும். சொற்களின்றி ராகத்தின் உருவத்தை வளர்க்கும் ஆலாபனை, ஒரே அடியைத் தாளம் பிசகாமல் பலவிதமாகப் பாடும் நிரவல், ஸ்வர எழுத்துகளைக் கோத்துப் பாடும் கற்பனை ஸ்வரம், தாளக் கருவியாளருக்கே விடப்படும் தனி ஆவர்த்தனம் ஆகியவை அதன் கூறுகள். இக்கேட்போரின் விளையாட்டுகளையும் வழக்குகளையும் வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது தமிழ் அறிவுலகின் நெடுநாள் பழக்கம். பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தின் இசை நினைவு இன்று இத்தனை மெலிந்து கிடப்பதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்பது இத்தலையங்கத்தின் வாதம்.

விளையாட்டுகளில் எளியது ராகம் கண்டுபிடிப்பது. முதல் இரண்டு பிடிகளுக்குள் பெயரைச் சொல்லிவிடுபவருக்குப் பக்கத்து நாற்காலியில் மதிப்புக் கூடுகிறது. தர்பாரா நாயகியா, ஆரபியா தேவகாந்தாரியா, பைரவியா மாஞ்சியா என்று நெருங்கிய ராகங்கள் வரும்போது அதே மதிப்பு பறிபோகவும் செய்கிறது. இதற்கு அடுத்த படி, எழுபத்திரண்டு மேளகர்த்தா ராகங்களின் எண்ணைப் பெயரிலிருந்தே கணக்கிடும் கடபயாதி முறை: பெயரின் முதல் இரண்டு எழுத்துகளுக்கு உரிய எண்களைத் தலைகீழாக வைத்தால் தீரசங்கராபரணம் 29 என்றும் மேசகல்யாணி 65 என்றும் விடை வரும். கிரகபேதம் இன்னும் நுட்பமானது. அதே ஸ்வரங்களை வைத்துக்கொண்டு ஆதார ஸட்ஜத்தை மட்டும் மனத்துக்குள் இடம் மாற்றினால் மோகனம் ரிஷபத்திலிருந்து மத்தியமாவதியாகவும் காந்தாரத்திலிருந்து இந்தோளமாகவும் ஒலிக்கும் என்பதால், பாடகர் அவ்வழியில் இறங்கும்போது எங்கே இறங்கினார், ஒழுங்காகத் திரும்பி வந்தாரா என்று கண்காணிப்பது தேர்ந்த ரசிகரின் வேலையாகிவிடுகிறது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) நிலைபெறச் செய்த கச்சேரி அமைப்பு, அதாவது வர்ணத்தில் தொடங்கிக் கீர்த்தனைகள் வழியே பல்லவிக்கும் பின்னர் துக்கடாக்களுக்கும் செல்லும் வரிசை, அடுத்து வருவது எது என்று ஊகிக்கும் ஆட்டத்துக்கும் இடம் கொடுத்தது. இவற்றில் பெரும்பாலானவை அடையாளம் காணும் திறனையே பாராட்டுகின்றன என்ற குறை மெய்தான். பெயர் தெரிந்துவிட்ட நிமிடத்தில் கேட்பதை நிறுத்திவிடும் ரசிகர்களும் உண்டு.

கடல் கடந்த ஓர் இசைமரபிலும் இதே வகைக் கேட்போர் உருவாகியிருப்பது ஒப்புநோக்கத் தக்கது. ஒரே பாட்டை ஒவ்வோர் இரவும் வெவ்வேறு நீளத்திலும் திசையிலும் கூட்டாகக் கற்பனை செய்து வாசிக்கும் குழுக்களை அமெரிக்காவில் ஜாம் பேண்ட் என்பார்கள். 1965இல் கலிபோர்னியாவில் தோன்றிய கிரேட்ஃபுல் டெட் அவற்றின் மூத்த குழு. ஜெரி கார்சியா 1995இல் இறக்கும்வரை அது ஏறத்தாழ 2,300 நிகழ்ச்சிகள் நடத்தியதாகக் கணக்கிடப்படுகிறது. ரசிகர்கள் ஒலிப்பதிவு செய்வதைத் தடுக்காமல் விட்ட அக்குழு, 1984இல் பதிவு செய்வோருக்கென அரங்கில் தனி இடமே ஒதுக்கியது. எந்த ஊரில் எந்த நாளில் எந்தப் பாட்டுக்குப் பின் எது வந்தது என்னும் பட்டியல்கள் 1980களின் பிற்பகுதியில் தடித்த புத்தகங்களாகவே வெளிவந்தன. 1983இல் வெர்மான்ட் மாநிலத்தில் தொடங்கிய ஃபிஷ் குழு ரசிகரின் விளையாட்டை மேடைக்கே கொண்டுவந்தது: 1995ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தில் குழுவும் கூட்டமும் நிகழ்ச்சிக்கு ஒரு காய் நகர்த்தலாகச் சதுரங்கம் ஆடின, 2017இல் நியூயார்க்கில் பதின்மூன்று இரவுகள் கொண்ட தொடராக வாசித்தபோது எந்தப் பாட்டும் இரண்டாம் முறை வரவில்லை, ஒவ்வோர் இரவுக்கும் அறிவித்த டோனட் வகையைத் துப்பாக வைத்து அன்றைய பாடல்களை ஊகிப்பது கூட்டத்தின் ஆட்டமாயிற்று. வெளியாருக்கு இது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆயினும், ஒரு பாட்டு இத்தனை நிகழ்ச்சிகளுக்குப் பின் மீண்டும் வந்தது, இன்ன இரவில் வழக்கத்தை விட்டு விலகியது என்று சொல்லக்கூடிய கூட்டத்தின் முன்னால் வாசிப்பவர், நேற்று வாசித்ததை இன்று அப்படியே திருப்பி வைக்க முடியாது. ரசிகரின் நினைவு கலைஞரை நெருக்குகிறது. அந்த நெருக்கடி இசைக்கு நன்மையே செய்திருக்கிறது.

அம்மரபின் மிகப் பெரிய வழக்கு 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த நிகழ்ச்சியைப் பற்றியது. கிரேட்ஃபுல் டெட் வாசித்தவற்றுள் அதுவே தலைசிறந்தது என்பாரும், பெட்டி கேன்டர் என்னும் ஒலிப்பதிவாளர் எடுத்த நாடா தெளிவாக அமைந்து பலர் கைக்குப் போய்ச் சேர்ந்ததால்தான் அந்த இரவு பெரிதாயிற்று என்பாரும் இன்றும் எதிரெதிரே நிற்கின்றனர். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2012இல் அதைத் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்த பின்னும் வழக்கு தீரவில்லை. புகழ் இரவுக்கு உரியதா, நாடாவுக்கு உரியதா என்ற இக்கேள்வியைத் தமிழ்நாட்டில் நாகசுர வித்துவான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடி ராகத்தை முன்வைத்துக் கேட்டிருக்க வேண்டும். பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் இடம்தரும் இசைத்தட்டில் அடங்கிய தோடியே பிற்காலத்தாரில் பலருக்கு ராஜரத்தினத்தின் தோடி. கோயில் வீதிகளில் மணிக்கணக்கில் அவர் விரித்த தோடிகள், ஒன்று போல் மற்றொன்று இல்லாதவை, கேட்டவரோடு போய்விட்டன. எந்த ஊரில், எந்த இரவில் என்று இடமும் நாளும் குறித்து எழுதிய ஏடுகள் இருந்திருந்தால், தட்டில் உள்ளதை அந்த இரவுகளின் பக்கத்தில் வைத்து எடைபோட முடிந்திருக்கும்.

பெரம்பலூர், அரியலூர் வட்டாரம் இசைக்குப் புறம்பான மேட்டுநிலம் என்ற எண்ணம் பரவலாக உண்டு. சுண்ணாம்புக்கல்லும் பருத்தியும் நினைவுக்கு வரும் அளவுக்கு உடையார்பாளையம் ஜமீன் நினைவுக்கு வருவதில்லை. கனம், நயம், தேசிகம் எனப் பாடும் முறை மூன்றாகப் பகுக்கப்பட்ட காலத்தில், அடிவயிற்றிலிருந்து குரலை எழுப்பிப் பெருங்கம்பீரத்தோடு பாடும் கடினமான கன மார்க்கத்தைப் பொப்பிலி கேசவையாவிடமிருந்து கற்று அதனாலேயே பட்டம் பெற்ற கனம் கிருஷ்ணையர், இப்பகுதியைச் சேர்ந்த பெரியதிருக்குன்றத்தில் பிறந்து, உடையார்பாளையம் ஜமீனின் ஆதரவில் வாழ்ந்து, தமிழ்ப் பதங்கள் பல செய்தவர். திருவையாற்றில் தியாகராஜர் பாடிய அடாணாவைக் கேட்டபின் தாமும் அதே ராகத்தில் ஒரு பதம் செய்தார் என்ற செய்தி அவரைப் பற்றி வழங்கி வருகிறது. கேட்டதற்கு மறுமொழியாக இசையையே தருவதும் ரசிகரின் வழக்காடல்களில் ஒன்று, ஒருவேளை மிக உயர்ந்தது. அவரைப் பற்றி இன்று தெரிந்திருப்பதில் பெரும்பகுதி உ.வே.சாமிநாதையர் எழுதிவைத்ததால் தெரிவது. உ.வே.சா.வின் தந்தை வேங்கடசுப்பையர் கிருஷ்ணையரின் உறவினர், மாணவர். அரியலூரிலும் குன்னத்திலும் குடும்பத்தோடு தங்கி, இராமாயணப் பிரசங்கங்களுக்கு இடையே பாடி, ஊராரின் ஆதரவில் வாழ்ந்தவர். 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்த உ.வே.சா.வின் தன்வரலாறு ‘என் சரித்திரம்’ அந்த ஊர்களின் கேட்போரைப் பற்றித் தரும் சித்திரம் வேறெங்கும் கிடைக்காதது.

அந்தச் சித்திரத்தைத் தந்தவரின் வாழ்விலேயே ஒரு திருப்பம் நேர்ந்தது. மாயவரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசை கற்கத் தொடங்கிய உ.வே.சா., இசைப்பயிற்சி தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு உவப்பாக இல்லை என்று அறிந்து அதை நிறுத்திவிட்டார். பாடபேதத்துக்காக ஏட்டுக்கு ஏடு ஒப்பிட்டு, ஓர் எழுத்தின் பொருட்டுப் பல நாள் வாதிடுவதைக் கல்வி என்று போற்றிய புலமை மரபு, ஓர் ஆலாபனைக்கும் இன்னோர் ஆலாபனைக்கும் உள்ள பேதத்தை ஒப்பிடுவதற்கு அதே மதிப்பைத் தரவில்லை. செயலோ ஒன்றுதான், ஒன்றில் சான்று ஓலையில் இருக்கிறது, மற்றதில் காதில் இருக்கிறது.

காதில் இருந்த சான்றுகள் இவ்வட்டாரத்தில் பெரும்பாலும் கோயில் வீதியைச் சார்ந்தவை. கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருமழபாடியின் பங்குனி நந்தி திருமணமும் கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாள் கோயில் தேரும் மேளமின்றி நிகழக்கூடியவை அல்ல. நாகசுரக் கச்சேரி என்ற சொல்லே பின்னர் வந்தது. வீதியில் அது சாமி புறப்பாட்டின் உறுப்பு. புறப்பாட்டுக்கு மல்லாரி, பள்ளியறைக்கு நீலாம்பரி என்ற ஒழுங்கு, வீட்டுக்குள் இருப்பவருக்கும் சாமி எங்கே வருகிறது என்று தெரிவித்தது. அந்த ஒழுங்குக்கு நடுவே, தெருமுனைகளில் சாமி நிற்கும் இடங்களில், மனோதர்மத்துக்குத் தாராளமான இடம் இருந்தது. சாகித்தியமே இல்லாமல் ஒரு ராகத்தின் அமைப்பையும் தாளக்கட்டையும் மட்டும் கொண்டு தவிலோடு நெடுநேரம் வளர்க்கும் ரக்தி மேளம் அப்படி வளர்ந்த ஒரு வகை, இன்று அரிதாகிவிட்டது. டிக்கெட்டு இல்லாத இந்த அரங்கில் யாரும் நடுவில் எழுந்து போகலாம், அடுத்த தெருவில் மீண்டும் சேர்ந்துகொள்ளலாம் என்பதால், கூட்டத்தைப் பிடித்து வைப்பதே ஒரு தேர்வாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் இந்தத் தேர்வு வெளிப்படையான போட்டியாகவே வளர்ந்தது. கோயில் திருவிழாக்களில் தவில்காரர்கள் எதிரெதிரே அமர்ந்து மாறி மாறி வாசிக்கும் தவில் சமா, தட்சிணாமூர்த்தி (1933–1975) போன்ற மேதையின் பெயரை இருகரையிலும் நிறுத்தியது. அவர் வாசிப்பின் பதிவுகளைத் தேடிச் சேர்க்கும் ரசிகர்கள் இன்றும் உண்டு.

வீதியில் நின்று கேட்ட எல்லாருக்கும் கருத்துச் சொல்லும் உரிமை ஒன்றாக இருந்தது என்று கூறுவது பொய்யாகும். சில தெருக்களுக்குள் சிலர் வரவே முடியாத காலம் அது. வாசித்தவர்கள் இசைவேளாளர், வழக்கைத் தீர்ப்பவர்கள் வேறு சாதியார் என்ற பிரிவும் நெடுநாள் நீடித்தது. சாமிச்சாட்டு அடி, மருளடி, ஒத்தையடி என அடிகளுக்குப் பெயர் வைத்துப் பிரித்தறியும் பறையிசைக் கேட்போரின் நுட்பம் இசை விமர்சனம் என்ற பெயரையே பெறவில்லை. ‘கர்நாடகம்’ என்ற பெயரில் கல்கியும், பின்னர் சுப்புடுவும் இசை விமர்சனத்தைப் பத்திரிகைகளில் வாசகர் விரும்பிப் படிக்கும் எழுத்தாக்கினர்; ஆனால் அவர்களின் கண் பெரும்பாலும் சபா மேடைகளின் மேல் இருந்தது. 1939இல் திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் தொடங்கியபோது, அன்று திருச்சி மாவட்டத்தில் இருந்த இவ்வூர்களுக்கு நல்ல இசை வந்து சேர்ந்தது உண்மை. கேட்டதைப் பற்றி இவ்வூர்களிலிருந்து எழுத்து வெளியே செல்லவில்லை. பெரம்பலூர் 1995இலும் அரியலூர் 2007இலும் தனி மாவட்டங்களாயின. பழம்பெருமையைச் சொல்லும் மேடைகளில் கங்கைகொண்ட சோழபுரத்துக்குக் கிடைக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கும் உடையார்பாளையத்தின் இசைக்குக் கிடைப்பதில்லை.

கைப்பேசியில் எல்லாரும் பதிவு செய்யும் இக்காலத்தில் எழுத்து எதற்கு என்று கேட்கப்படலாம். பதிவுகள் குவிகின்றன, எந்த வீதி, எந்த நாள், தவில் யார் என்ற குறிப்பின்றிக் குவிகின்றன. மேலும், ஒரு பதிவு ஓர் இரவைத்தான் வைத்துக்கொள்ளும், அதை மற்றோர் இரவோடு ஒப்பிடும் வேலையைச் செய்யாது. அவ்வேலை பழகிய காதுக்கு உரியது. அத்தகைய காதுகளை உடைய முதியவர்கள் இம்மாவட்டங்களின் தேரடித் திண்ணைகளில் இன்னமும் உட்கார்ந்திருக்கின்றனர்.

ஆகவே அடுத்த இதழிலிருந்து இரண்டு பக்கங்கள் கேட்போரின் குறிப்புகளுக்கு ஒதுக்கப்படுகின்றன. நாகசுரம், பறை, நாடகப் பாட்டு, மெல்லிசை மேடை எதுவானாலும் ஏற்கப்படும். ஊர், திருவிழா, நாள், வாசித்தவர், எடுத்த ராகம் அல்லது அடி, நீடித்த நேரம், அதற்கு முன் கேட்டதிலிருந்து அது வேறுபட்ட இடம் ஆகியவை இருக்க வேண்டும். ராகத்தின் பெயர் தெரியாதவர்கள் தெரியாது என்றே எழுதலாம். ஐந்துக்கு மூன்று, பத்துக்கு எட்டு என்று மதிப்பெண் மட்டும் போட்டு வரும் குறிப்புகள் வெளியிடப்படமாட்டா. ஒரே இரவைப் பற்றி இருவர் முரண்பட்டு எழுதினால் இரண்டும் அருகருகே அச்சாகும், ஆசிரியர் குழு தீர்ப்புக் கூறாது. முதல் தொகுதிக்கு வரும் பங்குனித் திருவிழாக்கள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.