இல்லமும் அடுக்களையும்: பெல்லட் அடுப்பு



சென்ற மார்கழியில் செகந்திராபாத்தில் நம் சங்கத்து அன்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். குளியல் வெந்நீருக்கென்று மொட்டை மாடியில் வைத்திருந்த பெல்லட் அடுப்பு கரும்புகையைக் கக்கிக்கொண்டிருந்தது. "அடுப்பு கெட்டுவிட்டது மாமி, பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடலாமென்று இருக்கிறோம்" என்றாள் அவ்வீட்டு மருமகள். பெல்லட் மூட்டை எங்கே என்று கேட்டேன். துணி துவைக்கும் கல்லின் ஓரத்தில், ஈரத்தரையில் சாய்ந்து கிடந்தது.

இவ்வடுப்பை அறியாதவர்க்காகச் சிறிது கூறுகிறேன். மரத்தூள், கடலைத் தோல், கரும்புச் சக்கை முதலியவற்றை இயந்திரத்தில் இறுக்கிச் சிறு உருளைத் துண்டுகளாக்கியதே பெல்லட் ஆகும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தாரின் ஆராய்ச்சியிற் பிறந்த 'ஊர்ஜா' என்னும் அடுப்பு 2006-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் விற்பனைக்கு வந்து, சில ஆண்டுகளில் ஏறத்தாழ 4 இலட்சம் வரை விற்றது. பின்னர் பெல்லட்டின் விலை ஏறவே, பலர் அதனைப் பரணில் ஏற்றிவிட்டனர். அமெரிக்காவில் மக்கள் வீட்டிற்குச் சென்று வந்தவர்கள் அங்கே கண்டிருக்கக்கூடிய பெல்லட் அடுப்பு வேறு. அது அறையைச் சூடாக்குவது, மின்சாரத்தால் தானே இரை எடுத்துக்கொள்வது.

நம் அடுப்பின் சூட்சுமமெல்லாம் காற்றில் இருக்கிறது. தீயை மேலே மூட்டுகிறோம். அது மெல்லக் கீழிறங்குகிறது. அடியிலுள்ள சிறு விசிறி காற்றை ஊதுகிறது. வெப்பத்தால் துண்டுகளிலிருந்து எழும் வாயு, மேல் விளிம்பைச் சுற்றியுள்ள துளைகளின் வழியே வரும் காற்றோடு கலந்து எரிகிறது. அந்த வாயு எரியாமல் தப்பினால் அதுவே புகை.

ஆகவே புகை கண்டால் முதலில் பெல்லட்டைச் சோதிக்க வேண்டும். ஒரு துண்டை ஒடித்தால் 'படக்'கென்று முறிய வேண்டும்; பிசுபிசுத்து உதிர்ந்தால் ஈரம் ஏறியிருக்கிறது. வெயிலில் நன்கு உலர்த்தி, மூடியுள்ள தகர டின்னில், பலகைமேல் வைத்துக்கொள்ளலாம். ஐதராபாத்தில் ஆனி முதல் புரட்டாசி வரை மழைக்காலமாதலால் சாக்கை நம்புவது வீண். மூட்டையின் அடியில் தங்கும் தூளைச் சலித்து நீக்க வேண்டும். அது காற்றின் வழியை அடைத்துவிடும்.

பெல்லட் நன்றாயிருந்தும் புகைந்தால் விசிறியைப் பாருங்கள். பாட்டரி தளர்ந்தால் ஊதல் குறையும். இறக்கைகளில் படிந்த தூசியை உலர்ந்த தூரிகையால் துடைக்கலாம், தண்ணீர் கூடாது. மேல் துளைகளுக்கு மேலே பெல்லட்டைக் குவிப்பதும், பாதி எரியும்போது கைநிறைய அள்ளிப் போடுவதும் நம்மவர் வழக்கம். விறகடுப்பில் பழகிய கை அல்லவா! இவ்வடுப்பு அதனைப் பொறுக்காது, உடனே புகையும்.

சாம்பலை ஒவ்வொரு முறையும், அடுப்பு ஆறிய பின் அகற்றுதல் நலம். நெல் உமி கலந்த பெல்லட்டாயின் அதிலுள்ள மணற்சத்து உருகி, கிட்டம்போல் தட்டில் ஒட்டிக்கொள்ளும். மழுங்கிய குச்சியால் மெதுவாகப் பெயர்க்க வேண்டும். சுத்தியலால் தட்டினால் உட்பூச்சு விரிந்துவிடும்.

இவையெல்லாம் சொல்லி முடித்தபின் மருமகள் வேறொன்று சொன்னாள். முந்திய இரவு குளிர் மிகுதியாயிருந்ததால், சுடர் அடங்கித் தணலாயிருந்த அடுப்பை மாமியாரின் அறைக்குள் வைத்துச் சன்னலையும் சாத்தினராம். "அப்போது துளிப் புகையில்லை மாமி." காலையில் மூதாட்டியாருக்குத் தலைவலியும் வாந்தியும். பித்தமென்று இஞ்சிக் கஷாயம் கொடுத்திருக்கிறார்கள்.

எனக்கு உடல் நடுங்கிவிட்டது. புகைகின்ற அடுப்பாவது கண்ணைக் கரித்து நம்மை வெளியே துரத்தும். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. அது இரத்தத்தில் பிராணவாயு அமர வேண்டிய இடத்தைப் பற்றிக்கொள்கிறது. உறங்குபவர் உறக்கத்திலேயே போய்விடுவதும் உண்டு. மூடிய அறையில் எந்தத் தணலும், கரியடுப்பாயினும் கணப்பாயினும், ஆகாது. அறையிலிருந்தோர் அனைவர்க்கும் ஒருசேரத் தலைவலியோ மயக்கமோ கண்டால் உடனே அவர்களைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, 108-க்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். அந்த ஊர்தி 2005-இல் முதன்முதல் ஓடத் தொடங்கியது நம் ஐதராபாத்தில்தான். எடுத்த சாம்பலிலும் தணல் மறுநாள்வரை உயிரோடிருக்கும். மூடியுள்ள தகரப் பாத்திரத்தில், வீட்டிற்கு வெளியே வையுங்கள்.

மூதாட்டியாரை அன்றே மருத்துவரிடம் காட்டினார்கள், நலமாக இருக்கிறார். அடுப்பு இப்போது புகையின்றி எரிகிறதாம், மாடியிலேயே. மாமியாருக்குப் புதுக் கம்பளி வாங்கியிருக்கிறார்கள். அது குத்துகிறதென்று தினமும் குறை கூறுகிறாராம்.